ஆய்வுக்குத் தமிழ்த் தரவு தேடும் மாணவருக்கு

நிரல் எழுதத் தொடங்கும் முன், உங்கள் ஆய்வுக்குத் தேவையானது வெறும் உரையா, இலக்கணக் குறியிட்ட வாக்கியங்களா, ஒலிப்பதிவா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். உரை போதுமெனில், விக்கிமீடியா அவ்வப்போது வெளியிடும் தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தொகுப்பைத் தரவிறக்கலாம். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்களும் உண்டு, ஆனால் சங்கப் பாடல்களை வைத்துப் பயிற்றுவித்த நிரல் இன்றைய செய்தித் தமிழில் தடுமாறும். இலக்கணக் குறியீட்டுக்கு, பல மொழி வாக்கியங்களுக்கும் ஒரே முறையில் இலக்கணக் குறியிடும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தின் டிடிபி (TTB) என்னும் தமிழ்த் தொகுப்பு இருக்கிறது. அதில் 600 வாக்கியங்களே உள்ளதால், பெரிய மொழி மாதிரியைப் (மாடல்) பயிற்றுவிக்க அதை மட்டும் நம்ப வேண்டாம். பேச்சுக்கு, தன்னார்வலர்களின் குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் இருக்கிறது.

எதைத் தரவிறக்கினாலும் முதலில் எழுத்துகளைச் சரிபாருங்கள். ‘கொ’ என்பது ஓரிடத்தில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகளாகவும், வேறோரிடத்தில் ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் பதிவாகியிருக்கக்கூடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நிரலோ ஒரே சொல்லை இரண்டாக எண்ணும் (எனக்கு இதிலேயே ஒரு வாரம் போனது). பைத்தானின் யுனிகோட்டேட்டா மாட்யூலைக் கொண்டு என்எஃப்சி (NFC) என்னும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். உரிமத்தையும் படித்துவிடுங்கள்: விக்கிப்பீடியா உரையைத் திருத்தி வெளியிடுவதானால், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே வகை உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.