பாவித்த பேஸ் கிற்றார் வாங்குவதும் அதனோடு கோஷ்டியில் நிற்பதும்

மட்டக்களப்பிலோ அம்பாறையின் கரையோர ஊர்களிலோ கோஷ்டியொன்றில் புதிதாக பேஸ் வாசிக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கொம்பனியின் பேஸ் நல்லது என்பதைத்தான். எந்த ட்ரம்ஸ்காரரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வி உடனே பிடிபடுவதில்லை. பேஸ் தனியே நின்று பாடும் வாத்தியமன்று. ட்ரம்ஸின் பெரிய உதை விழும் இடத்தில் தானும் விழுந்து, பாடகருக்குக் கீழே தரை போட்டுக் கொடுப்பதே அதன் வேலை. அந்த வேலையை எந்த வாத்தியம் உங்கள் கையில் செய்யுமோ அதுவே உங்களுக்குப் பெறுமதியான வாத்தியம். கல்லடிக்கும் திருக்கோவிலுக்கும் இடையே 26 ஆண்டுகளாக இதைத் தோளில் சுமந்து அலைந்தவன் என்ற முறையில், பாவித்த பேஸ் ஒன்றைப் பார்த்து வாங்குவது எப்படி, உப்புக்காற்றில் அதை வைத்திருப்பது எப்படி, கோஷ்டியில் அதனோடு நடந்துகொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் இன்று நாம் மாட்டும் பேஸ் கிற்றார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். ஆள் உயரமான டபுள் பேஸைச் சுமந்து திரிவதும், மற்ற வாத்தியங்களின் சத்தத்துக்குள் அதைக் கேட்கச் செய்வதும் சிரமமாக இருந்த காலம் அது. கழுத்தில் ஃபிரெட் என்னும் உலோகக் குறுக்குப் பட்டிகளைப் பதித்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்ற பொருளிலேயே அந்தப் பெயரும் வைக்கப்பட்டது. 1960இல் அதே கொம்பனி ஒடுங்கிய கழுத்தும், கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் இரண்டும் கொண்ட ஜாஸ் பேஸை வெளியிட்டது. நம் ஊரில் கைமாறும் பேஸ்களில், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், அநேகமானவை இந்த இரண்டில் ஒன்றின் வாரிசுகள். சிறிய கை உள்ளவர்களுக்கு ஜாஸ் வகை இலகு. ஆயினும் இரவு முழுவதும் ஒரே குமிழ் நிலையில் வைத்துவிட்டு வாசிக்க வேண்டிய திருவிழா மேடைக்கு, ஒற்றை பிக்கப் உள்ள பிரிசிஷன் வகையையே நான் சிபாரிசு செய்வேன்.

வாங்கப் போகும்போது

என் முதல் பேஸை நான் பெயரைப் பார்த்து வாங்கினேன். தலையில் பெரிய கொம்பனியின் பெயர் மினுங்கியது. உடல் முகம் பார்க்கலாம் என்னும்படி பளபளத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மாதத்தில், தடித்த ஈ கம்பியின் பக்கம் உயர்ந்தும் மெல்லிய ஜீ கம்பியின் பக்கம் தாழ்ந்தும் கழுத்து முறுகியிருப்பது தெரிந்தது. பெயரும் வெறும் ஒட்டுத்தாள்தான். வியர்வை பட்டு அதன் ஒரு மூலை கிளம்பியது. முறுகிய கழுத்தை நம் பக்கத்தில் சீராக்கித் தருகிறவர் எவரையும் நான் காணவில்லை. வயலில் நெல் வெட்டிய கூலியும் அம்மாவின் சீட்டுக்காசும் சேர்ந்த பணம் அது. அந்த வருத்தத்தில் கற்றுக்கொண்டதுதான் கீழே வருவது.

வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் அம்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயரில், மாட்டாதீர்கள். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உடலின் பக்கமிருந்து கழுத்தின் நீளத்துக்குப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். பிறகு ஈ கம்பியை முதலாவது ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் அளவில், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிற்றிங் கார்ட் நுழையுமளவு, அதாவது 0.3 மில்லிமீற்றர் வரை, இடைவெளி இருந்தால் கழுத்து நலமாக உள்ளது. இடைவெளி அதிகமாயிருந்தாலும் கவலையில்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் றொட்டை இறுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் அந்த றொட் திரும்புகிறதா என்பதை விற்பவரின் சம்மதத்தோடு அந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. இறுகிப்போய் அசையாத றொட் உள்ள பேஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்முனையில் ஒரு வீட்டுக்கு, பேஸ் வாங்க விரும்பிய ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் தலைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணன், இதுல பேர் இருக்கு, பாத்தீங்களா?” என்றான். “பேர் இருக்கட்டும் தம்பி, கழுத்தப் பாப்பம்” என்று சொல்லி, பேஸின் மேல் கொம்பில் என் காதை ஒட்டி வைத்து, ஏ கம்பியை எந்த ஃபிரெட்டிலும் அழுத்தாமல், திறந்தபடி ஒருமுறை தட்டினேன். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்கும் நம் ஊர் வழக்கத்தை அவன் அறிந்தவன். நான் என்ன செய்கிறேன் என்பது உடனே அவனுக்கு விளங்கிவிட்டது. அவனும் காதை வைத்தான். மரம் கம்பியின் அதிர்வை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பது அம்ப் இல்லாமலேயே அங்கே கேட்கும். அந்தப் பேஸில் ஏ கம்பி நீண்டு நின்றது. ஜீ கம்பியின் ஆறாம் ஃபிரெட்டில் மட்டும் ஒலி சட்டென்று அடங்கியது. பையன் முகம் வாடினான். இந்த வகைப் பேஸ்களில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட் வரை ஜீ கம்பியில் அப்படி ஓர் ஊமை இடம் இருப்பது சாதாரணம், விலை குறைக்கச் சொல்வதற்குக்கூட அது காரணமாகாது என்று அவனுக்குச் சொன்னேன். வாங்கினான், இன்றும் அதைத்தான் வாசிக்கிறான்.

அதன் பிறகே அம்பில் மாட்டி, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் விடாமல் அழுத்தி வாசியுங்கள். நான்கு கம்பியும் இருபது ஃபிரெட்டும் என்றால் எண்பது இடங்கள். பத்து நிமிட வேலை. கரகரப்பு ஒரே ஃபிரெட்டில் மட்டும் வந்தால் அந்த ஃபிரெட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதற்கு அடுத்தது கிளம்பியிருக்கலாம். குமிழைத் திருப்பும்போது வரும் சரசரப்பும், வயர் மாட்டும் துளையின் தளர்வும் சிறு செலவில் தீரும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டு எடுக்கும் மணியொலிச் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று டியூனரில் பாருங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அந்த ஸ்குரூக்கள் துருவேறி இறுகியிருந்தால் விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள். கடைசியாக, வாத்தியத்தை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். நாலரைக் கிலோவுக்கு மேல் பாரமுள்ள பேஸ் விடியும்வரை நிற்கும் தோளுக்குத் தண்டனை. அகலமான பட்டி அதை ஓரளவு தணிக்கும்.

விலையைப் பற்றி என் எண்ணம் இது. அமெரிக்காவின் டெட்ராயிற் நகரத்து மோட்டவுன் கொம்பனியின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்றையே பெரிதும் பாவித்தார். வலது கையின் ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்தார். கம்பி அறுந்தாலன்றி மாற்ற விரும்பாதவர். அப்படிப்பட்ட ஒரு கிற்றாரைக் கடையில் யாராவது நீட்டினால், பழைய கம்பி, தேய்ந்த ஃபிரெட் என்று நாம் குறைதான் சொல்லியிருப்போம். உங்கள் கைக்காசில் மூன்றில் இரண்டு பங்கை வாத்தியத்துக்கும் மீதியை நல்ல வயருக்கும் கம்பிக்கும் ஒரு சிறிய அம்புக்கும் ஒதுக்குங்கள். கடன்பட்டு வாங்காதீர்கள், மாதத் தவணைக்காக விருப்பமில்லாத நிகழ்ச்சிகளை ஒப்புக்கொள்ளத் தொடங்கிய இளைஞர்கள் இரண்டு ஆண்டில் வாத்தியத்தையே விற்றதைக் கண்டிருக்கிறேன்.

உப்பும் கச்சானும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிறோம். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று வறட்டியடிக்கும்போதும், கார்த்திகை, மார்கழி மழையில் சுவரே ஈரம் கசியும்போதும் கழுத்தின் மரம் அசையும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். ஆகவே கச்சான் தொடங்கும்போது ஒருமுறையும் மாரி தொடங்கும்போது ஒருமுறையும் மேலே சொன்ன விசிற்றிங் கார்ட் சோதனையைச் செய்து, தேவையானால் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு மீண்டும் பாருங்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டு ஒன்றால் கம்பிகளை மேலும் கீழுமாகத் துடையுங்கள். பிரிட்ஜின் ஸ்குரூக்களில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, ஊசி முனையில் தொட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் உறைக்குள் போடுங்கள். வெயிலில் நிற்கும் வானுக்குள் பேஸை விட்டுச் செல்ல வேண்டாம்.

மேடையில்

ஒத்திகைக்கு முழுக் கோஷ்டியும் கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக நீங்களும் ட்ரம்ஸ்காரரும் மட்டும் உட்காருங்கள். எந்தச் சுரமும் மாற்றாமல், ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டிலுள்ள ஜீயை மட்டும், அவருடைய கால் உதையோடு ஐந்து நிமிடம் வாசியுங்கள். கேட்க எளிது, செய்து பார்த்தால் உங்கள் விரல் எப்போதும் முந்துவது தெரியவரும். ஆட்டப்பாட்டான பைலாவுக்கு வந்தால் ஆறெட்டுத் தாளம். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடும் கிற்றாரோடும் ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள், அதன் ஆட்டம் காலில் ஏறாமல் விரலில் வராது. அங்கே அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் போதும், இடைவெளிகளே ஆடவைக்கும். இளையராஜாவின் பாடல்கள் இதற்கு நேர்மாறு. அங்கே பேஸ் பாட்டுக்குள் தனக்கென ஒரு பாட்டை வைத்திருக்கும். அதைச் சுரம் சுரமாக எழுதிப் பழகுங்கள். பாதி தெரிந்த வரியை மேடையில் நிரப்புவதிலும் பார்க்க அடிச்சுரத்தில் நிற்பது மேல்.

கோயில் வீதியில் மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேற்றரிலிருந்து வரும். எர்த் சரியாக இல்லாத மேடையில், கையில் பேஸோடு மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். அது உயிர் ஆபத்து. ஒலி அமைப்பாளரிடம் எர்த் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் வயரை மாட்டுங்கள், அவர் கோபித்தாலும் பரவாயில்லை. மின்சாரத்தின் இரைச்சல் 50 ஹேர்ட்ஸ். நீங்கள் வாசிக்கும் அந்தத் தாழ்ந்த ஜீ 49 ஹேர்ட்ஸ். எனவே இரைச்சலை அம்பின் குமிழால் வெட்டப் போனால் உங்கள் சுரமும் சேர்ந்து போய்விடும். ஜாஸ் வகைப் பேஸில் இரண்டு பிக்கப்பையும் முழுமையாகத் திறந்தால் இரைச்சல் பெரும்பாலும் தானே அடங்கும். திறந்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். அதன் அலை எட்டு மீற்றருக்கு மேல் நீளமானது. அம்பின் அருகில் நின்று சத்தம் போதாது என்று கூட்டாதீர்கள். நண்பர் ஒருவரைச் சனத்துக்கு நடுவே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். சாதாரண கிற்றார் அம்பில் பேஸை மாட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழியலாம்.

காசு விடயத்தை முதல் ஒத்திகையிலேயே பேசி முடியுங்கள். வான் கூலி, சாப்பாடு போக மிஞ்சுவதைச் சமமாகப் பிரிப்பதா, ட்ரம்ஸ் ஏற்றி இறக்குகிறவருக்குக் கொஞ்சம் கூடவா, அறுந்த கம்பிக்குப் பொதுக்காசில் கொடுப்பதா என்பதை ஒரு கொப்பியில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நான் இருந்த இரண்டு கோஷ்டிகள் உடைந்தது பாட்டினால் அல்ல, எழுதாத கணக்கினால்.

சுவாமி வீதிவலம் முடிந்து, இரவு பதினொன்றுக்குத் தொடங்கும் நிகழ்ச்சி கோழி கூவும்வரை போகும். முடிந்ததும் வயரைக் கையில் முறுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். வாத்தியத்தைத் துடைத்தாலும் பனியின் ஈரம் இருக்கும். வீடு போய்ச் சேர்ந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்றுப் படும் நிழலில் நிறுத்திவிட்டுப் படுங்கள்.