பவர் கண்ணாடி போட்டவர்கள் பட்டறையில் கண்ணைக் காப்பது எப்படி?

பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தூக்கிப் போடாமல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். எல்லாம் கிரைண்டர் பொறி சுட்ட தழும்பு. முன்பக்கம் இருக்கும் புள்ளிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் வலது லென்ஸில் ஒரு புள்ளி மட்டும் உள்பக்கம் இருக்கிறது, அதாவது என் கண்ணைப் பார்த்த பக்கம். கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருந்த சந்து வழியாக ஒரு பொறி நுழைந்திருக்கிறது. லென்ஸில் பட்டது என் அதிர்ஷ்டம்.

பவர் கண்ணாடி போடுகிறவர்களின் சிக்கலே இதுதான். கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருப்பதால், பாதுகாப்பும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். கண்ணாடி போடாதவர்கூட டிரில்லைக் கையில் எடுக்கும்போது ஒரு கணம் யோசிப்பார், நாம் யோசிப்பதில்லை.

படி 1: இப்போது போட்டிருக்கும் கண்ணாடியைச் சோதியுங்கள்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். புருவத்துக்கு மேல், கன்னத்துக்குக் கீழ், பொட்டுப் பக்கம் என மூன்று இடத்திலும் ஃபிரேமுக்கும் முகத்துக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றிலும் நுழையும். விரல் போகிற வழியில் சில்லும் போகும்.

அடுத்து, லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது என்று கண்ணாடிக்கடையில் கேளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் பலமாக அடிபட்டால் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட்டும் டிரைவெக்ஸும் அப்படி எளிதில் உடையாது. ஆனால் அதை வைத்து மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம். சாதாரண ஃபிரேமில் லென்ஸைப் பிடித்திருக்கும் காடி ஆழமில்லாதது. முன்னாலிருந்து அடி விழுந்தால் லென்ஸ் முழுசாகவே கழன்று உள்ளே வந்து கண்ணில் மோதலாம். பாதுகாப்பு ஃபிரேம் என்று தனியாகச் செய்வது இதனால்தான்.

படி 2: உங்கள் வேலையில் என்ன பறக்கிறது?

மரத்தூளா, உலோகச் சில்லா, திரவமா, வெளிச்சமா? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். மரம் இழைப்பதற்கும் ஆசிட் ஊற்றுவதற்கும் ஒரே கண்ணாடி சரிப்படாது.

படி 3: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, இருக்கிற கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடி. ஓடிஜி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன். விலை குறைவு, கடைக்குப் போன அன்றே கையில் கிடைக்கும். குறை என்னவென்றால், இரண்டு அடுக்குக்கும் நடுவே வெளிச்சம் பட்டுப் பிரதிபலிக்கும். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எரிச்சலாக இருக்கும், அதை முன்பக்கம் மாற்றி வையுங்கள்.

இரண்டாவது, முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸ். தூசியும் திரவமும் தெறிக்கிற வேலைக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. வாங்கும்போது காற்றுத் துளையைக் கவனியுங்கள். நேர்த் துளை இருந்தால் திரவம் அது வழியாகவே உள்ளே வரும். திரவ வேலைக்கு மூடி வைத்த மறைமுகத் துளை உள்ளதுதான் வேண்டும். எல்லா காகிள்ஸும் கண்ணாடிக்கு மேல் உட்காராது. அதனால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய் மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் பவரிலேயே செய்த பாதுகாப்புக் கண்ணாடி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பட்டறையில் நிற்கிறவர் என்றால் யோசிக்காமல் இதற்குச் செலவு செய்யுங்கள். ஒரே அடுக்கு, எடை குறைவு, பிரதிபலிப்புத் தொல்லை இல்லை. பக்கவாட்டு மறைப்பு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்யக் கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, கண்ணிலிருந்து பெஞ்ச் வைஸ் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 62 செ.மீ. வந்தது. புத்தகம் படிக்கும் தூரமும் இல்லை, தெருவைப் பார்க்கும் தூரமும் இல்லை. பரிசோதிப்பவரிடம் அந்த எண்ணைச் சொன்னால் அதற்கேற்ற பவர் எழுதித் தருவார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரசிவ் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தலைக்கு மேலே டிரில் போடும்போது கிட்டப் பார்க்கும் பகுதி லென்ஸின் அடியில் மாட்டிக்கொள்ள, கழுத்தைப் பின்னால் ஒடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் கான்டாக்ட் லென்ஸே பாதுகாப்பு ஆகிவிடாது. தூசியும் ரசாயன ஆவியும் உள்ள இடத்தில் நான் தவிர்ப்பேன். அப்புறம், வெல்டிங் வெளிச்சத்தில் கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் கதை.

படி 4: பொறித்திருப்பதைப் படியுங்கள்

ஃபிரேமிலும் லென்ஸிலும் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். அமெரிக்கத் தரம் என்றால் இசட்87. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் வேகமாக வந்து மோதும் சில்லைத் தாங்கும் என்று பொருள். பவர் லென்ஸ் போடுவதற்கென்றே சோதித்த ஃபிரேமில் இசட்87-2 என்று இருக்கும். ஐரோப்பியத் தரம் ஈஎன் 166 என்றால், எஃப் என்ற எழுத்து 6 மி.மீ. எஃகு உருண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும் என்பதைக் காட்டும். பி என்றால் 120 மீட்டர். சாதாரண கண்ணாடி வடிவத்தில் எஃப் வரைதான் கிடைக்கும், பி வேண்டுமென்றால் காகிள்ஸுக்குப் போக வேண்டும்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், கிரைண்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், விளிம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 58 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்! கட்டிங் வீல் உடைந்து ஒரு துண்டு பறந்தால் எஃப் கண்ணாடி சோதிக்கப்பட்ட வேகத்தையே தாண்டிவிடும். அதனால் கிரைண்டர், வயர் பிரஷ் வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடியோடு ஃபேஸ் ஷீல்டும் போடுங்கள். ஷீல்டு மட்டும் போதாது, கீழே திறந்திருக்கும் பக்கமாகப் பொறி ஏறி வரும்.

வெல்டிங்குக்கு இதெல்லாம் போதாது. ஆர்க் வெல்டிங்குக்கு 10-இலிருந்து 13 வரை ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) உள்ள ஹெல்மெட் வேண்டும். கேஸ் கட்டிங்குக்குப் போடும் 5 ஷேடு கண்ணாடி ஆர்க்குக்கு உதவாது. ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும், வெல்டிங்கின் மேல் படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுத்தானே தட்டுகிறோம்.

படி 5: ஆவி படியாமல் பாருங்கள்

பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வைப்பது முக்கால்வாசி நேரம் இந்த ஆவிதான். இரண்டு லென்ஸ் இருந்தால் நான்கு பரப்பில் படியும். எது மங்கியது என்றே தெரியாமல் துடைத்துக்கொண்டிருப்போம்.

தூசி மாஸ்க் போடுகிறீர்கள் என்றால் அதை முதலில் போட்டு, மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, அதன் மேல் கண்ணாடியை உட்கார வையுங்கள். மூச்சு மேலே ஏறாமல் இருந்தால் பாதித் தொல்லை ஒழிந்தது. ஆவி படியாத பூச்சுள்ளதாக வாங்குங்கள். உங்கள் பவர் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டுத் தடவி, மென்மையான துணியால் மெல்லத் துடைத்துவிட்டாலும் சில மணி நேரம் தாங்கும்.

இன்னொன்று: காது மூடியும் போடுகிறவர் என்றால், இரண்டு கண்ணாடிக் கம்பிகள் அதன் அடியில் போய் இடைவெளி விடும், சத்தம் உள்ளே வரும். காதுக்குள் வைக்கும் அடைப்பான் அங்கே வசதி.

படி 6: கழற்றும் விதம்

வேலை முடிந்ததும் சட்டென்று கழற்றாதீர்கள். புருவத்திலும் முடியிலும் தூள் உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, முடியையும் புருவத்தையும் தட்டிவிட்டு, குனிந்தபடியே கழற்றுங்கள். கையைக் கழுவுகிற வரை கண் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சட்டை நுனியால் துடைப்பது லென்ஸை அரம் போட்டு ராவுவதற்குச் சமம். முதலில் ஓடும் தண்ணீர், பிறகு சோப்பு, கடைசியில் துணி. பாலிகார்பனேட்டில் தின்னரோ அசிட்டோனோ பட்டால் முடி முடியாக விரிசல் விடும். லென்ஸில் ஆழமான கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அதையும் மீறி ஏதாவது பட்டுவிட்டால்

தூசி என்றால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் போகவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். இரும்புத்தூள் கருவிழியில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

ரசாயனம் பட்டால் யோசிக்கவே நேரமில்லை. இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிமென்ட், காஸ்டிக் சோடா போன்ற காரப் பொருள்கள் உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும்.

சுத்தியலால் உளியை அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது, ஆனால் வலியே இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். சின்ன எஃகுச் சில்லு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். கழுவாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் இந்தச் சம்பவத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். காந்தம் அந்தச் சில்லை அசைத்துவிடும்.

கடைசிப் படி: எங்கே மாட்டி வைப்பது?

நான் ஓடிஜியை ரொம்ப நாள் அலமாரியில் வைத்திருந்தேன். ஒரே ஒரு வெட்டுத்தானே என்று நான்கு எட்டு நடக்கச் சோம்பல். இப்போது அதற்கு ஒரு கயிறு கட்டி, கிரைண்டர் பிளக்கின் மேல் சுற்றி முடிச்சுப் போட்டு வைக்கிறேன். முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைக் கையில் எடுக்காமல் பிளக்கைச் சுவரில் சொருக முடியாது.