நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி: மாத்திரையை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதன் அழற்சியில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், ஆணுறுப்பின் நுனியில் என்று இடம் மாறும் வலி. அடிக்கடி சிறுநீர், விந்து வெளியேறும்போது எரிச்சல். கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இந்த வலி இருந்தால்தான் ‘நாள்பட்டது’ என்று பெயர். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 1: கிருமி இருக்கிறதா?

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள். சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) புராஸ்டேட்டை விரலால் அழுத்திவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சிறுநீரை ஒப்பிடுவார். பின்னதில் மட்டும் கிருமி கூடியிருந்தால் அது சுரப்பியிலிருந்து வந்தது. அப்போது 4 முதல் 6 வாரம் மருந்து வேண்டும். புராஸ்டேட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது, ஐந்து நாளில் நிறுத்தினால் கிருமி திரும்பிவிடும்.

ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமியே கிடைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு கோர்ஸ் முயன்று பலனில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாட்டிக் வீண். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே தசைநாரில் வலி வந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். அழற்சி இருக்கும்போது பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதம்) அளவு கூடியே காட்டும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், அடங்கிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

படி 2: மதிப்பெண் போடுங்கள்

‘என்.ஐ.எச். சி.பி.எஸ்.ஐ.’ என்ற 9 கேள்விப் படிவம் உண்டு. வலி, சிறுநீர்த் தொந்தரவு, அன்றாட பாதிப்பு பற்றிக் கேட்கும். மொத்தம் 43 மதிப்பெண், கூடினால் தொந்தரவும் கூடுதல். இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். கூடவே மூன்று நாள், சிறுநீர் போன நேரமும் அளவும்.

படி 3: தசையைத் தளர்த்துங்கள்

கிருமி இல்லாத பலருக்கு இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்குபவை) இறுகிக் கிடக்கின்றன. யூடியூப் பார்த்துக் கெகல் பயிற்சி (இந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி) செய்வது இங்கே தவறு. இறுகியதை இன்னும் இறுக்கும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 நொடி இழுக்கும்போது வயிறு உயர வேண்டும், ஆசனவாய்ப் பகுதி கீழே விரிவதை உணர வேண்டும். முக்கக் கூடாது. 6 நொடி மெதுவாக விடுங்கள். விடும்போது அடியில் எதையும் உள்ளிழுக்காதீர்கள், பெரும்பாலோர் பிசகுவது இங்கேதான். காலையும் இரவும் பத்து நிமிடம். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால் பயன் இல்லை. இடுப்புத்தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள்.

படி 4: அன்றாடம்

அகலமான டப்பில் 40 டிகிரி வெந்நீரில் இடுப்பு முங்க 15 நிமிடம் உட்காருங்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போனவர்கள் சூட்டைத் தெர்மாமீட்டரால் பார்ப்பது நல்லது, சுட்டாலும் தெரியாது. முக்கால் மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுங்கள். மலச்சிக்கலைச் சேரவிடாதீர்கள். காபி, காரம், மது ஆகியவற்றை ஒவ்வொன்றாக இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எது காரணம் என்று தெரியாது.

கிருமி இல்லாத இந்த வகை மனைவிக்குத் தொற்றாது. தாம்பத்தியத்தைத் தவிர்க்கத் தேவையில்லை.

படி 5: மருந்து

சிறுநீர் தடைப்பட்டு வருபவர்களுக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதுவார்கள். எழுந்ததும் தலைசுற்றலாம், விந்து குறைவாக வரலாம். இரண்டையும் முன்பே தெரிந்துகொண்டால் பாதியில் விடமாட்டீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே படிவத்தை நிரப்புங்கள். 6 மதிப்பெண் குறைந்திருந்தால் வழி சரி. குறையவில்லை என்றால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போய், சிறுநீர்ப்பை, நரம்பு, மனஅழுத்தம் இவற்றில் எது விட்டுப்போனது என்று கேளுங்கள்.