அடாப்டிவ் ஹெட்லைட்டில் கை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்பைக் கையால் தொடாதே, ஃபியூஸைப் பார் என்பதெல்லாம் இங்கே வராது. அவை எல்லோருக்கும் தெரியும். பிஎம்டபிள்யூ எம்3, எம்4, ஆடி ஆர்எஸ்5 மாதிரி வண்டிகளில் அடாப்டிவ் ஹெட்லைட்டை, அதாவது சாலைக்கும் எதிர் வண்டிக்கும் ஏற்ப வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் விளக்கை, மாற்ற இறங்கும் புதியவர்கள், இந்த வேலையில் பழகிய நாம் எல்லோரும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகிறார்கள். அதில் ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் காசைத் தின்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

வலப்பக்கச் சாலைக்குச் செய்த விளக்கை வாங்குவது

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகள். பழைய உதிரிபாகங்கள் அதிகம் கிடைக்கும் ஜெர்மனியும் போலந்தும் அமெரிக்காவும் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். விளம்பரத்தில் படம் பளபளவென்று இருக்கும், விலை உள்ளூர் ஷோரூம் விலையில் பாதி இருக்கும், பிளக் அப்படியே பொருந்தும். பணம் கட்டி, கப்பலில் வந்து, சுங்கமும் கட்டி, பம்பரைக் கழற்றி மாட்டி, இரவில் சுவரில் அடித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

லோ பீமின் மேல்விளிம்பு நேர்கோடு அல்ல. எதிரே வண்டி வரும் பக்கம் அது படுகிடையாக இருக்கும். நடைபாதைப் பக்கம் ஒரு முழங்கை போல வளைந்து, பல விளக்குகளில் 15 டிகிரி சாய்வில், மேலேறும். நடந்து போகிறவரையும் சைக்கிளையும் பெயர்ப்பலகையையும் காட்டுவது அந்த ஏறுமுக வெளிச்சம்தான். நம் சாலைக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும். ஜெர்மன் விளக்கில் வலப்பக்கம் ஏறும், அதாவது எதிரே வருகிறவர் முகத்தில்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். விளக்கின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கோடு 55 செ.மீ. உயரத்தில் விழும். 15 டிகிரி சாய்வுள்ள விளக்கென்றால், முழங்கையிலிருந்து 2 மீட்டர் வலப்புறத்தில் அந்தக் கோடு இன்னும் 54 செ.மீ. ஏறி, 109 செ.மீ. உயரத்தில் நிற்கும். செடான் ஓட்டுகிறவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துத் திட்டத் தொடங்கியதும், ஸ்குரூவைத் திருகி இரண்டு விளக்கையும் இறக்குவார்கள். கோபம் வருவது இங்கேதான். சாய்வை 2.5 சதவீதமாக்கினால் எதிராளியின் கண் பிழைக்கும், ஆனால் 65 மீட்டர் எட்டிய வெளிச்சம் 26 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஒரு நொடிக்குச் சற்றே மேல் ஓடும் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். சாலையோரம் நடப்பவர் அப்போதும் இருட்டில்தான் இருப்பார். இவ்வளவு செலவு செய்தும், கழற்றி வைத்த ஒரிஜினல் விளக்கைவிட மோசமான வெளிச்சம்!

கோடிங்கில் சரிசெய்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். போக்குவரத்துப் பக்கத்தை மென்பொருளில் மாற்ற முடியும், உண்மைதான். ஆனால் அந்த முழங்கை லென்ஸிலோ உள்ளே இருக்கும் மறைப்புத் தகட்டிலோ வடிவமாகவே வார்க்கப்பட்டிருந்தால், எந்தக் கோடிங்கும் அதை இடம் மாற்றாது. வெளிநாட்டுப் பயணத்துக்கான டூரிஸ்ட் மோடு பெரும்பாலும் ஏறுமுக வெளிச்சத்தைத் தணிக்குமே தவிர, மறுபக்கம் கொண்டுபோய் வைக்காது. லென்ஸில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரும் அப்படியே. வலப்பக்கத்தை மறைக்கும், இடப்பக்கத்துக்கு வெளிச்சம் தராது.

இத்தனை நஷ்டத்தையும் தவிர்க்க ஒரே ஒரு புகைப்படம் போதும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விளக்கில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன் அங்கீகரித்தது. அது அங்கீகரித்த நாட்டை மட்டுமே சொல்லும், சாலைப் பக்கத்தைச் சொல்லாது. பலர் இங்கேயே குழம்புகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் குறியீட்டோடு சேர்ந்து வரும் அம்புக்குறியை. விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கச் சாலைக்கான விளக்கு, நமக்கு ஆகும். இருமுனை அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றி அமைக்கலாம். அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கச் சாலைக்கானது, விட்டுவிடுங்கள். அந்தக் குறியின் கிட்டத்துப் படத்தையும் பின்பக்க லேபிளில் உள்ள பாக எண்ணின் படத்தையும் அனுப்பாத விற்பனையாளருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடுங்கள்.

அமெரிக்க விளக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர் வண்டியை மட்டும் மறைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் ஹை பீம் அடிக்கும் வசதியை அந்த நாடு 2022 பிப்ரவரியில்தான் அனுமதித்தது. அதற்கு முன் அங்கே விற்ற வண்டிகளின் விளக்கை அந்த வசதிக்காக வாங்கி ஏமாறாதீர்கள்.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஸ்குரூவைத் திருகுவது

வண்டியை 25, 30 மி.மீ. இறக்கியதும் வெளிச்சம் எங்கோ போகும். உடனே ஹெட்லைட் ஸ்குரூவுக்குக் கை போகும். போகக் கூடாது.

சஸ்பென்ஷன் ஆர்மோடு ஒரு சின்னக் கம்பியால் இணைந்த உயர சென்சார் முன்னும் பின்னும் இருக்கிறது. அதன் நினைவில் இருப்பது பழைய உயரம். புது உயரத்தை அது வண்டியின் சாய்வாக எடுத்துக்கொண்டு, விளக்கை ஏற்றி இறக்கும் மோட்டாரை நகர்த்தி வைத்திருக்கும். அந்த நிலையில் ஸ்குரூவைத் திருகினால், பிறகு யாராவது சென்சாரைக் காலிபரேட் செய்யும் (புது உயரத்தைப் பதியவைக்கும்) நாளில் மோட்டார் நடுநிலைக்குத் திரும்பும், நீங்கள் வைத்த அளவு முழுக்கக் கலையும். இன்னொன்று, மோட்டாரின் ஓட்டம் ஒரு பக்கமாக ஏற்கெனவே தீர்ந்திருந்தால், டிக்கியில் சுமை ஏற்றும்போது விளக்கு இறங்க இடமிருக்காது.

சரியான வரிசை இது: டயர் காற்றைச் சரிசெய்து, சமதரையில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் 75 கிலோ வையுங்கள். சென்சார் நெம்புகோல் அதன் ஓட்டத்தின் நடுவுக்கு அருகில் நிற்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீளம் மாற்றக்கூடிய இணைப்புக் கம்பி போடுங்கள். பிறகு வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரால் புது உயரத்தைப் பூஜ்யமாகப் பதியுங்கள். ஸ்குரூ அதற்குப் பிறகுதான். எத்தனை சதவீதச் சாய்வு வைக்க வேண்டும் என்பது ஹெட்லைட்டிலோ பானெட்டுக்கு அடியிலோ அச்சிடப்பட்டிருக்கும். 1.0 சதவீதம் என்றால் 10 மீட்டருக்கு 10 செ.மீ. கீழே.

அடாப்டிவ் டாம்பர் (சாலைக்கேற்ப இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்) உள்ள வண்டியில் அதே சென்சாரை டாம்பர் யூனிட்டும் படிக்கலாம். கம்பியை மாற்றிய பிறகு அந்தப் பக்கமும் ஃபால்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹெட்லைட் ஹவுசிங்கை (விளக்கின் கூட்டை) அடுப்பில் வைப்பது

பிஎம்டபிள்யூ எம்5 சிஎஸ், எம்4 சிஎஸ்எல் வண்டிகளின் மஞ்சள் டிஆர்எல் (பகலிலும் எரியும் விளக்கு) வந்ததிலிருந்து, விளக்கைத் திறந்து தங்கள் வண்டியிலும் அதை வைக்க எல்லோருக்கும் ஆசை. ஹாலஜன் காலத்தில் லென்ஸை ஒட்டியது பியூட்டைல் பசை. சூடு காட்டினால் இளகும், பிரிக்கலாம், திரும்ப ஒட்டலாம். இன்றைய பல விளக்குகளில் இருப்பது இறுகிய பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாத பசை. அடுப்பில் வைத்தால் பசை அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் வளையும், எல்இடி போர்டின் பற்றவைப்பு விரிசல் விடும். அறுத்துத் திறந்தவர்களுக்கு முதல் மழையிலேயே உள்ளே பனி படியும், சில மாதத்தில் எல்இடியை இயக்கும் டிரைவர் போர்டின் பின்கள் பச்சை பூக்கும்.

சில மாடல்களில் டிஆர்எல் மாட்யூல் பின்மூடி வழியாகவே கழலும். உங்கள் மாடல் அப்படியா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மஞ்சள் ஆசையை விட்டுவிடுங்கள்.

லேசர் விளக்கைத் திறப்பது

ஒருபோதும் வேண்டாம். உள்ளே இருக்கும் நீல லேசர், அதை வெள்ளை வெளிச்சமாக்கும் பாஸ்பரில் படாமல் நேராகக் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

புகைநிற ஃபிலிம்

ஒட்டாதீர்கள்.

வண்டி பேட்டரியை நம்பிக் கோடிங் செய்வது

இக்னிஷன் ஆனில் இருக்கும்போது நவீன வண்டி தாராளமாகக் கரண்ட் குடிக்கும். கோடிங்கை வண்டியில் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் சரிந்தால் விளக்கின் கண்ட்ரோல் யூனிட் பாதியில் செத்துப்போகும். பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யும் சாதாரண டிரிக்கிள் சார்ஜர் போதாது. 13 வோல்ட்டுக்கு மேல் விடாமல் தரும், பல பத்து ஆம்பியர் தாங்கும் சப்ளை வேண்டும். எதையும் மாற்றுமுன் பழைய கோடிங்கை முழுசாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடி மாற்றியதைச் சொல்லாமல் விடுவது

ஹை பீமில் எந்தப் பகுதியை இருட்டாக்க வேண்டும் என்று சொல்வது முன்கண்ணாடிக் கேமரா. அது அரை டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டரில் மறைப்பு கிட்டத்தட்ட 90 செ.மீ. தள்ளி விழும். கண்ணாடி மாற்றியிருந்தால் முதலில் கேமரா காலிபரேஷன், பிறகு விளக்கு. வேலை முடிந்ததும் நண்பர் ஒருவரை எதிர்த்திசையில் காரில் வரச் சொல்லி, ஆளில்லாத இருட்டுச் சாலையில், நேர் பாதையில் ஒரு முறையும் வளைவில் ஒரு முறையும் சோதியுங்கள். கூசுகிறதா என்று அவர் சொல்லட்டும். உங்கள் இருக்கையிலிருந்து அது தெரியாது.