பையன் மிலிட்டரியில் இருக்கும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் பெரம்பூர் மார்க்கெட்டில் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தேன். பையன் பயிற்சி முடித்து லடாக் போய் மூன்று மாதம்தான் ஆகிறதாம். "தீபாவளிக்கு லீவு இல்லைங்கிறான். தாத்தாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிக் கூப்பிட்டுடலாம்னு இருக்கோம்" என்றாள், கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு காலத்தில் நான் பேசிய அதே பேச்சு.

அழக்கூடாது, தைரியமாக இருக்கணும் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். என்னால் முடியாததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

போன் வராத நாட்கள்

நம் ஊரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேண்டும். இது தெரியாமல் என் பையன் ரயிலேறிவிட்டான். ஒன்பது நாள் தொடர்பே இல்லை. காளிகாம்பாளிடம் நான் வேண்டிக்கொண்டதையெல்லாம் நிறைவேற்ற ஒரு வருடம் ஆனது. கிளம்பும் முன்பே சிம்மை மாற்றச் சொல்லுங்கள். மேலே மலையில் காவல் போஸ்டுக்குப் போய்விட்டால் அதுவும் எடுக்காது, வாரக்கணக்கில் சத்தமே இருக்காது. அது கெட்ட செய்தி இல்லை.

"பாட்டி சீரியஸ்"

என் பெரிய நாத்தனார் வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரர். அந்தக் காலத்தில் 'அப்பா சீரியஸ், உடனே புறப்படு' என்று ஒரு தந்தி அடித்தால் போதும், ஆள் வந்து நிற்பார் என்று நாத்தனார் பெருமையாகச் சொல்வார். 2013-இல் தந்தியே நின்றுபோனது. யோசனை மட்டும் நிற்கவில்லை. நல்ல இடம் ஒன்று வந்தது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கணும், பையனுக்கு லீவு இல்லை. நாத்தனார் சொன்னார், நான் போனை எடுத்தேன். "பாட்டிக்கு ரொம்ப முடியலைடா."

அவன் அதற்கு முன் அவசர லீவு கேட்டதே இல்லை. அதிகாரி உடனே விட்டுவிட்டார். கீழே இறங்கி லே ஊருக்கு வந்தால் பனி, விமானம் கிளம்பவில்லை. டிரான்சிட் கேம்ப்பில் நாலு நாள். அப்புறம் டெல்லி, அங்கிருந்து ரிசர்வேஷன் இல்லாமல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. வாசலில் வந்து பையை இறக்கியபோது என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாடா, இளைச்சிட்டியே" என்றார்.

அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. குளித்தான், சாப்பிட்டான், தூங்கினான். அந்த ஞாயிறும் தாண்டிவிட்டது, பெண் வீட்டாரும் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

நஷ்டம் அதோடு போகவில்லை. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்று கணக்கு இருக்கிறதுதான். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாது, போஸ்டில் இத்தனை பேர் இருந்தே ஆகணும். என் பையன் திடீரென்று இறங்கியதால் அவன் கூட இருந்த ஆந்திராப் பையனின் லீவு தள்ளிப்போனது. அவன் மனைவிக்கு அது பிரசவ மாதம். குழந்தையை அவன் பார்த்தபோது அதற்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. இதையும் என் பையன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு வருடம் கழித்து அவன் அப்பாவிடம் சொன்னான். நாத்தனார் இன்றைக்கும் "பெத்தவ ஆசைப்பட்டா தப்பா?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் மாமியார் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நிஜமாவாம்மா?" என்றான்.

உண்மையிலேயே அவசரம் என்றால் ஆஸ்பத்திரி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் யூனிட்டின் போன் நம்பரை முன்பே வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பெயரில்தான் முன்னாள், பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் உதவுவார்கள்.

டிவி

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாலு நாளும் எங்கள் வீட்டு ரிமோட் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. பிளக்கைப் பிடுங்குவது இன்னும் சுலபம்.

யூனிஃபார்ம் போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பது, எந்த ஊரில் இருக்கிறான் என்று குடும்ப குரூப்பில் எழுதுவது

வேண்டாம்.

பார்சல்

விலாசத்தில் '56 ஏபிஓ' என்றோ '99 ஏபிஓ' என்றோ (ராணுவத் தபால் ஆபீஸ்) இருந்தால் தனியார் கூரியர் போகாது, தபால் ஆபீஸ்தான். முறுக்கு தூளாகப் போய்ச் சேரும். ஆவக்காய் பாட்டில் ஒரு முறை வழியில் உடைந்து, கூட வைத்த கடிதம் முழுக்க எண்ணெய். பருப்புப்பொடி அனுப்புங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. கூட இருக்கிற பையன்களும் சாப்பிடுவார்கள், அதில் ஆந்திராக்காரர்கள் இருந்தால் காரம் தூக்கலாக.