கிம்பல் நடுக்கம் நின்ற விதம்

மண்டபத்தில் மணப்பெண் நடந்து வரும் காட்சியைக் கிம்பலில் (கேமரா ஆடாமல் மோட்டார்களால் நிலைநிறுத்தும் தாங்கியில்) எடுக்கும்போதெல்லாம் படத்தில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. மோட்டாரிலிருந்து வண்டின் ரீங்காரம்போல ஒரு சத்தம் வேறு. கருவியையே மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கிம்பலை ஆஃப் செய்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, எந்த ஜூமில் எடுக்கப்போகிறேனோ அதிலேயே வைத்துச் சமநிலை பார்த்தேன். முதலில் டில்ட் (மேல்கீழ்ச் சாய்வு), பிறகு ரோல் (பக்கச் சாய்வு), கடைசியில் பேன் (இடவலத் திருப்பம்). கேமராவை வானம் பார்க்கத் திருப்பிக் கையை எடுத்தால் அப்படியே நிற்க வேண்டும். நின்றது. ஆனால் மானிட்டருக்குப் போகும் தடித்த ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் மெல்லச் சாய்ந்தது. வில்லங்கம் அங்கேதான் இருந்தது! நன்றாக வளையும் மெல்லிய கேபிளைத் தளர்வாகக் கட்டினேன். மோட்டார் விசையையும் சற்றுக் குறைத்தேன். ரீங்காரம் அடங்கியது.

நடையின் மேல்கீழ்த் துள்ளல் மட்டும் மிச்சம். மூன்று அச்சுக் கிம்பல் சுழற்சியைத்தான் திருத்தும், ஏற்ற இறக்கத்தை அல்ல. அதற்கு, உடலில் மாட்டிக்கொள்ளும் கேமராத் தாங்கியான ஸ்டெடிகேமில் இருப்பதுபோன்ற ஸ்பிரிங் கை வேண்டும். இல்லாதவர்கள் முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடந்து, 24 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸில் எடுக்கலாம். மறுநாள் தொடை வலிக்கும்.