எலிக்காய்ச்சலும் இயல்பு நோயெதிர்ப்பும்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என நெற்பருவமும் இரண்டு, பருவமழையும் இரண்டு. ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகளிலும் வாய்க்கால்களிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் நிற்பதால், எலிக்காய்ச்சல் இங்கே யாருக்கும் புதிய பெயரன்று. மழைக்காலம் தோறும் அதைப் பற்றிய விழிப்புணர்வுப் பேச்சுகளும் துண்டறிக்கைகளும் வருகின்றன. கிருமியை உடல் எப்படி அடையாளம் காண்கிறது என்ற இடத்துக்கு வந்ததும் அவற்றில் பல தடுமாறிவிடுகின்றன.

பிறவியிலேயே அமைந்த இயல்பு நோயெதிர்ப்பைக் கண்மூடித்தனமான முரட்டுக் காவல் என்றும், ஆளறிந்து தாக்குவது, கிருமியைச் சந்தித்த பின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் மட்டுமே என்றும் சொல்வது முதல் தவறு. நோயெதிர்ப்பு உயிரணுக்களில் உள்ள ஏற்பிகள் என்னும் உணர்வுப் புரதங்கள், நுண்ணுயிர்கள் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத மூலக்கூறு அமைப்புகளை அறியும் என்ற கருத்தை நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே 1989இல் முன்வைத்தார். பழ ஈ பூஞ்சையை எதிர்க்க டோல் என்னும் மரபணு வேண்டும் என்று 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழுவும், பாக்டீரியச் சுவரின் நஞ்சான லிப்போபாலிசாக்கரைடை அறிவது அதன் உறவான டிஎல்ஆர்-4 (டோல் போன்ற ஏற்பி-4) என்று 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழுவும் காட்டின. 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இவ்விருவருக்கும் பங்குண்டு. மனிதருக்கு இவ்வகை ஏற்பிகள் பத்து. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் தேடும் பொருள் திட்டவட்டமானது.

இரண்டாவது தவறு, இந்த ஏற்பிகள் ‘கெட்ட கிருமியை’க் கண்டறிவதாக எழுதுவது. ஏற்பிக்குக் கெட்டதும் தெரியாது, நல்லதும் தெரியாது. மூலக்கூறின் வடிவம் மட்டுமே தெரியும். குடலில் நமக்கு உதவியாக வாழும் பாக்டீரியாவிடமும் அதே லிப்போபாலிசாக்கரைடு உண்டு. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா இதற்கு நேர்மாறான சான்று. எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீர் வழியாக வயல் நீரில் கலந்து, வரப்பு வெட்டுபவரின் கால்வெடிப்பிலோ சிராய்ப்பிலோ நுழையும் இந்தச் சுருள் வடிவ பாக்டீரியாவிடமும் லிப்போபாலிசாக்கரைடு இருக்கிறது. ஆனால் அதன் கொழுப்புப் பகுதி வழக்கத்துக்கு மாறான அமைப்பைக் கொண்டிருப்பதால், மனித டிஎல்ஆர்-4 அதைக் கண்டுகொள்வதில்லை. நீந்த உதவும் கசையிழைகளும் வெளியே நீட்டிக்கொண்டிராமல் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே சுருண்டு கிடப்பதால், கசையிழைப் புரதத்தைத் தேடும் டிஎல்ஆர்-5க்கும் அவை எளிதில் அகப்படுவதில்லை. இதை வைத்துக்கொண்டு ‘உடலுக்கு இந்தக் கிருமி தெரியவே தெரியாது’ என்று முடித்துவிடுவதும் தவறுதான். டிஎல்ஆர்-2 என்ற வேறோர் ஏற்பி அதன் மேற்பரப்புப் பொருள்களை உணர்கிறது. கிருமி மறைந்து வரவில்லை. சில கதவுகளில் மட்டும் மணி அடிக்காமல் உள்ளே வருகிறது.

சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது இதையொட்டி வரும் தவறு. சுண்டெலியின் டிஎல்ஆர்-4 லெப்டோஸ்பைராவின் லிப்போபாலிசாக்கரைடை உணர்ந்துகொள்கிறது. கடும் எலிக்காய்ச்சலை அது தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே சுண்டெலி ஆய்வு பற்றிய செய்தியைப் பகிரும்போது, எந்த உயிரியில் செய்யப்பட்டது என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

ஏற்பி இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவதும் பிழையே. பாக்டீரியச் சுவரை அறிபவை பெரும்பாலும் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்க, வைரஸின் ஆர்.என்.ஏ., பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஆகியவற்றை அறியும் டிஎல்ஆர்-3, 7, 8, 9 ஆகியவை உயிரணு விழுங்கியதைச் செரிக்கும் உட்பைகளில் அமைந்துள்ளன. நம்முடைய டி.என்.ஏ. சாதாரணமாக அந்தப் பைகளை எட்டுவதில்லை. எட்டினால், லூப்பஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் நிகழ்வது போல, உடல் தன்னையே எதிரியாக நடத்தத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் பரவலான தவறு, எதிர்ப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பது. கடைகளில் விற்கும் ‘நோயெதிர்ப்புச் சக்தி’ பொடிகள் இந்த நம்பிக்கையில்தான் விலைபோகின்றன. எந்த ஏற்பியை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று எந்தப் பொட்டலத்திலும் அச்சிட்டிருக்கக் காணோம். ஏற்பிகள் தூண்டப்பட்டதும் வெளியாகும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற பொருள்கள் அளவோடு இருந்தால் காய்ச்சலை எழுப்பி வெள்ளையணுக்களை வரவழைக்கும். அளவு மீறினால் இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். பாய்ட்லர் ஆராய்ந்த சுண்டெலி இனத்தில் டிஎல்ஆர்-4 பழுதாக இருந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சைச் செலுத்தியும் அவை சாகவில்லை. ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா தொற்றியபோது எளிதில் மடிந்தன. அப்படியானால் ஏற்பியை அடைத்துவிட்டால் போதுமே என்று எண்ணுவது அடுத்த அவசரம். டிஎல்ஆர்-4ஐத் தடுக்கும் எரிட்டோரான் என்ற மருந்து, தொற்றுக்கு எதிரான எதிர்வினை மீறி உறுப்புகளைப் பாதிக்கும் கடும் செப்சிஸ் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2013இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நோயாளி மருத்துவமனையை அடையும் நேரத்தில் மணி அடித்து முடிந்திருக்கும்.

மரபணு மாற்றத்தை விதியாகப் பேசுவதையும் தவிர்க்க வேண்டும். நாட்-2 என்ற ஏற்பியின் சில மாற்றங்கள் குரோன் குடல்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2001இல் தெரியவந்தது. அவற்றை உடைய பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதே இல்லை. மறுபுறம், ஏற்பிகளின் செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் மைடி88 அல்லது ஐராக்-4 புரதக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளைச் சீழ் உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்பக் கடுமையாகத் தாக்கும்.

கடைசித் தவறு மருத்துவமனை வரிசையில் நடப்பது. இயல்பு நோயெதிர்ப்பு சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடுவதால், காய்ச்சலும் உடல்வலியும் நோயின் தொடக்கத்திலேயே வரும். ஆனால் ஐஜிஎம் பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருளை, அதுவோ காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே இரத்தத்தில் தெளிவாகத் தெரியும். இரண்டாம் நாள் ‘நெகட்டிவ்’ என்று வந்த தாளை மடித்து வைத்துவிட்டு, கண் சிவந்து, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும் நிலையிலும் பாராசிட்டமாலோடு வீட்டில் படுத்திருப்பவர்கள் உண்டு. பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கும், லெப்டோஸ்பைராவைத் தொடாது. வயலில் இறங்கியதையும் காலில் காயம் இருந்ததையும் மருத்துவரிடம் சொன்னால், இரண்டாவது பரிசோதனைக்குக் காத்திராமல் அவர் டாக்சிசைக்ளின் அல்லது பெனிசிலின் வகை மருந்தைத் தொடங்க முடியும்.